வயிற்றுக்குள் வாடகை இல்லாக் குடித்தனம்!

"ஐயா, பூச்சி மருந்து குடுங்க!"

செஞ்சியில் நான் வைத்தியசாலை திறந்த நாளிலிருந்து இன்று வரை அதிகமாகக் கேட்ட வாக்கியம் இதுதான். பிள்ளை பல்லைக் கடித்தால் பூச்சி. சாப்பாடு இறங்காவிட்டால் பூச்சி. முகத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூச்சி. கேட்பவர்களும் என்ன பூச்சி என்று சொல்வதில்லை. ஆரம்பத்தில் நானும் கேட்டதில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

1998ஆம் வருடம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த படிப்பு மனசில் பசுமையாக இருந்த நேரம். பக்கத்து கிராமத்திலிருந்து முப்பது வயசுப் பெண் ஒருவர் வந்தார். கழனி வேலை, மல்லாட்டை பறிக்கிற வேலை என்று ஓயாமல் உழைக்கிறவர். முகம் வெளிறி, நாக்கு வெளுத்து, நகம் குழிந்து இருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். பாண்டு, அதாவது ரத்தசோகை. சந்தேகமே இல்லை. அயச் செந்தூரம் கொடுத்தேன். கரிசலாங்கண்ணி, முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னேன். இரண்டு மாதத்தில் முகத்தில் ரத்தம் ஓடியது. எனக்கும் பெருமை தாங்கவில்லை!

ஆறு மாதம் கழித்து அதே பெண், அதே வெளுப்போடு வந்து நின்றார். மறுபடியும் செந்தூரம். மறுபடியும் தெளிவு. அடுத்த வருடம் மூன்றாவது தடவை வந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதையாக இருக்கிறதே, ஓட்டை எங்கே?

"ஏம்மா, வெளிக்கு எங்க போவீங்க?"

"ஏரிக்கரைக்குத்தான் ஐயா. ஊரே அங்கதானே போவுது!"

"கால்ல செருப்பு?"

"செருப்பு போட்டுக்கினு கழனியில எப்படி எறங்கறது? இன்னா ஐயா கேக்கறீங்க!"

காலைப் பார்த்தேன். விரல் இடுக்கில் சொறிந்து சொறிந்து தடித்த தழும்புகள். மறுநாளே மலப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கொக்கிப்புழுவின் முட்டைகள்! ஒன்றரை வருடமாக நான் ஊட்டிய இரும்பையெல்லாம் உள்ளே இருந்த புழுக்கள் ரத்தமாக உறிஞ்சிக் கொண்டிருந்திருக்கின்றன. தப்பு என்னுடையது. நோயைப் பார்த்தேன், அது வந்த வழியைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து யார் பூச்சி மருந்து கேட்டாலும் என் முதல் கேள்வி, "அது எந்த வழியா வந்திருக்கும்னு நினைக்கிறீங்க?" என்பதுதான். வாருங்கள், அந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்தக் குடித்தனக்காரர்கள்?

இன்னொரு உயிரின் மேலோ உள்ளேயோ தங்கி, அதன் உணவைத் தின்று, அதற்குத் தீங்கும் செய்கிற உயிருக்கு ஒட்டுண்ணி என்று பெயர். இடம் கொடுக்கிற உயிரைப் பாடப் புத்தகத்தில் விருந்தோம்பி என்கிறார்கள். நாம் விரும்பி ஓம்பாத விருந்து என்பதுதான் வேடிக்கை!

உடம்பின் வெளியே குடியிருப்பவை புற ஒட்டுண்ணிகள். தலையில் ஊரும் பேன், தோலுக்குள் வளை தோண்டி சிரங்கை உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி எல்லாம் இந்த ஜாதி. உள்ளே குடியிருப்பவை அக ஒட்டுண்ணிகள். இவற்றில் இரண்டு பெரும் பிரிவு உண்டு. ஒன்று, ஒரே ஒரு செல்லால் ஆன நுண்ணுயிர்கள். சீதபேதியைத் தரும் அமீபா, மலேரியாக் கிருமி இரண்டும் இதில் அடக்கம். மற்றொன்று, புழுக்கள். புழுக்களிலும் உருண்டு நீண்டவை உருளைப்புழு வகை. பட்டையாக ரிப்பன் போல இருப்பவை நாடாப்புழு வகை. இலை போலத் தட்டையாக இருப்பவை இலைப்புழு வகை.

நம் ஊர்ப் பாட்டிமார்களும் ஒரு வகைப்பாடு வைத்திருந்தார்கள். மண்புழு மாதிரி நீளமாக விழுந்தால் நாக்குப்பூச்சி. வெள்ளை நூல் துண்டு மாதிரி நெளிந்தால் கீரிப்பூச்சி. காலில் கொப்புளம் உடைந்து நூலாக வெளியே வந்தால் நரம்புச் சிலந்தி. கண்ணில் பட்டதை வைத்துப் பிரித்தது அது. தவறில்லை. ஆனால் கண்ணில் படாத கொக்கிப்புழுவும் யானைக்கால் புழுவும் அந்தக் கணக்கில் வரவில்லை.

இன்னும் ஒரு வார்த்தையை மட்டும் தெரிந்து கொள்ளுங்கள். சில ஒட்டுண்ணிகளுக்கு ஒரு வீடு போதும். சிலவற்றுக்கு இரண்டு வீடு வேண்டும். எந்த உயிருக்குள் அது முழு வளர்ச்சியடைந்து இனம் பெருக்குகிறதோ அது முதன்மை விருந்தோம்பி. நடுவில் கொஞ்ச காலம் தங்கிப் பாதி வளர்ச்சி பெறும் வீடு இடைநிலை விருந்தோம்பி. இந்தக் கணக்குப்படி மலேரியாவில் முதன்மை வீடு யார் தெரியுமா? கொசு! அந்தக் கிருமியின் ஆண் பெண் கலப்பு கொசுவின் வயிற்றில்தான் நடக்கிறது. மனிதன் அதற்கு இடைநிலை வீடு மட்டுமே. நம்மைப் பெரிய ஆளாக நினைத்துக் கொண்டிருக்கிறோம்!

முதல் வாசல்: வாய்

உருளைப்புழு என்கிற நாக்குப்பூச்சி ஏறத்தாழ ஒரு சாண் நீளம் வளரும். இன்னும் நீளமும் உண்டு. ஒரு பெண் புழு ஒரே நாளில் சுமார் 2 லட்சம் முட்டை இடும். அந்த முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுந்து, ஈரமும் நிழலும் கிடைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் பக்குவத்துக்கு வரும். ஆக, இன்று வெளியே போன முட்டை இன்றே யாரையும் தொற்றாது. மண்ணில் பழுத்த பிறகுதான் ஆபத்து. பிள்ளை மண்ணில் விளையாடிவிட்டு அந்தக் கையாலேயே முறுக்கை எடுத்துக் கடித்தால், பழுத்த முட்டை உள்ளே போகும். சரியாகக் கழுவாத கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி வழியாகவும் போகும். சாட்டைப்புழுவும் இதே வழிதான். அமீபாவும் அசுத்தத் தண்ணீர், ஈ மொய்த்த பண்டம் மூலம் இதே வாயில் வழியாகத்தான் நுழைகிறது.

உள்ளே போன உருளைப்புழுக் குஞ்சு நேராகக் குடலில் தங்குவதில்லை. குடலைத் துளைத்து, ரத்தத்தில் கலந்து, ஈரல் வழியாக நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாயில் ஏறி, தொண்டைக்கு வந்து, மறுபடியும் விழுங்கப்பட்டுத்தான் குடலுக்கு வருகிறது. இதை நிரூபிக்க 1922ல் ஜப்பானைச் சேர்ந்த கொய்னோ என்ற மருத்துவர் ஒரு காரியம் செய்தார். உருளைப்புழு முட்டை 2,000ஐத் தானே விழுங்கினார்! சில நாளில் காய்ச்சலும் இருமலும் வாட்டி எடுத்தன. அவருடைய சளியிலேயே புழுக்குஞ்சுகள் நெளிந்தன. மண்ணில் புரளும் பிள்ளைக்குக் காரணம் தெரியாத இருமலும் இழுப்பும் வந்தால், இந்த வழியையும் டாக்டர் யோசித்துப் பார்ப்பார்.

இரண்டாவது வாசல்: விரல் நுனி

கீரிப்பூச்சிக்கு மண்ணே தேவையில்லை. ராத்திரி பிள்ளை அயர்ந்து தூங்கும்போது பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிட்டுப் போகும். அரிப்பெடுக்கும். பிள்ளை தூக்கத்திலேயே சொறியும். முட்டை நக இடுக்கில் ஏறும். நாலு முதல் ஆறு மணி நேரத்தில் அது தொற்றத் தயாராகிவிடும். விடிந்ததும் அதே விரல் வாய்க்குள்! ஜட்டி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றிலும் இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு கிடக்கும்.

அதனால்தான் ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பலன் நிற்பதில்லை. "போன மாசம்தான் ஐயா குடுத்தோம், மறுபடியும் வந்துடுச்சு" என்பார்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. நகத்தை ஒட்ட வெட்டுவது, காலையில் எழுந்ததும் கழுவிவிட்டு உள்ளாடை மாற்றுவது, படுக்கைத் துணியை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துவது, இவ்வளவும் சேர்ந்ததுதான் வைத்தியம்.

மூன்றாவது வாசல்: உள்ளங்கால்

நான் கோட்டை விட்ட கொக்கிப்புழு இதுதான். நீளம் ஒரு சென்டிமீட்டர்தான். மலத்தில் வெளியேறிய முட்டை ஈர மண்ணில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் தொற்றும் குஞ்சாக மாறி, வெறுங்கால் வருமா என்று காத்திருக்கும். தோலைத் துளைத்து உள்ளே போகும்; அந்த இடத்தில் அரிப்பு. பிறகு ரத்தம், நுரையீரல், தொண்டை என்று அதே சுற்றுப் பயணம். கடைசியில் சிறுகுடல் சுவரைக் கவ்விக் கொண்டு ரத்தம் குடிக்கும்.

தோல் வழியாக ஒரு புழு நுழையும் என்பதை முதலில் யாரும் நம்பவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்தின் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் ஆராய்ச்சி செய்து கொண்டிருந்தபோது, புழுக்குஞ்சுகள் இருந்த நீர் தற்செயலாக அவர் கையில் சிந்தியது. கை அரித்துச் சிவந்தது. சில வாரம் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள்! அப்போதுதான் மூன்றாவது வாசல் உலகத்துக்குத் தெரிந்தது.

கணக்குப் பாருங்கள். நம் தென்னாட்டில் அதிகம் காணப்படும் வகைப் புழு ஒன்று ஒரு நாளைக்கு 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். அற்பம்தானே? வயிற்றில் 100 புழு இருந்தால் தினமும் 3 மில்லி. மாதத்துக்கு 90 மில்லி. சில வருடங்கள் உயிரோடிருக்கும் புழு இது. மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ஏற்கெனவே ரத்தம் இழக்கிற நம் பெண்களுக்கு இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். சோகை உள்ள தாய்க்கு எடை குறைந்த குழந்தை. அந்தக் குழந்தை தவழ்கிற தரையிலும் அதே மண்.

இது நம் மக்களோடு கடல் தாண்டியும் போன புழு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் இதனால் வாடியதைக் கண்டு, 1916 முதல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் அங்கே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையில் இறங்கியது. மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. லயன் வீடுகளுக்குக் கழிப்பிடம் இல்லாத இடங்களில் புழு திரும்ப வந்தது. நூறு வருடம் முன்பே கிடைத்த பாடம் இது!

நம் பக்கத்திலும் பாடம் நடக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2017 முதல் சில ஆண்டுகள் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லாமல் ஊரில் எல்லா வயதினருக்கும் ஆண்டுக்கு இரு முறை புழு மாத்திரை கொடுத்தால், மண் வழியாகப் பரவும் புழுக்களின் சங்கிலியை அறுக்க முடியுமா என்பதே கேள்வி. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளிலும் இதே ஆய்வு நடந்தது. ஏன் எல்லா வயதினருக்கும்? கொக்கிப்புழு பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம்தான் அதிகம் தங்குகிறது. பிள்ளைக்குப் பள்ளியில் மாத்திரை கிடைக்கிறது; கழனியில் நிற்கும் அம்மாவுக்கு யார் கொடுப்பது?

நான்காவது வாசல்: சாப்பாட்டுத் தட்டு

நாடாப்புழு மீட்டர் கணக்கில் வளரும் புழு. மாட்டிறைச்சி வழியாக ஒரு வகை, பன்றி இறைச்சி வழியாக ஒரு வகை. இங்கே முதன்மை வீடு மனிதன். இடைநிலை வீடு மாடும் பன்றியும். சரியாக வேகாத இறைச்சியில் இருக்கும் புழுக்கூடு நம் குடலுக்குள் வந்து நாடாவாக வளரும். நன்றாக வேக வைத்தால் அந்த வழி அடைபடும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "நாங்க சைவம் ஐயா, எங்களுக்கு எப்படி?" என்று கேட்பார்கள். பன்றி நாடாப்புழுவை வயிற்றில் வைத்திருக்கும் ஒருவர் மலம் கழித்த இடத்திலிருந்து, அல்லது அவர் கழுவாத கையிலிருந்து, அதன் முட்டை உங்கள் காய்கறியிலும் தண்ணீரிலும் சேரலாம். புழுக்கூட்டை விழுங்கினால் குடலில் நாடாப்புழு. முட்டையை விழுங்கினால் கதையே வேறு. அது உங்களைப் பன்றி என்று நினைத்துக் கொள்கிறது! குடலைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, தசையிலும் கண்ணிலும் மூளையிலும் போய்க் கூடு கட்டி உட்கார்ந்துவிடும். மூளையில் உட்கார்ந்தால் வலிப்பு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வேலூர் மாவட்டத்தில் ஆராய்ந்து 2006ல் வெளியிட்ட முடிவின்படி, தொடர் வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் கூடுதான் காரணம். பேய் பிடித்தது, சாமி வந்தது என்று பேசும் ஊரில் இது எவ்வளவு பெரிய செய்தி!

ஒருமுறை ஒரு தாய் பத்து வயசுப் பையனைக் கூட்டி வந்தார். இரண்டு தடவை இழுப்பு வந்திருக்கிறது. பூச்சியால் இழுப்பு என்று யாரோ சொல்லக் கேட்டு, பூச்சி மருந்து வாங்க வந்திருந்தார். நான் தரவில்லை. கோபித்துக் கொண்டார். ஏன் தரவில்லை தெரியுமா? மூளையில் கூடு இருந்தால், புழு மருந்து பட்டு அது சாகும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு அதிகமாகலாம். முதலில் ஸ்கேன், பிறகு நரம்பியல் டாக்டரின் மேற்பார்வையில் மருந்து. கையோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். வலிப்பு வந்த எவருக்கும் வீட்டிலேயே புழு மருந்து கொடுக்கவே கூடாது. இந்த ஒரு வரியை மட்டுமாவது மறக்காதீர்கள்.

ஐந்தாவது வாசல்: கொசுவின் ஊசி

யானைக்கால் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு ரொம்பப் பழக்கமான நோய். இதன் புழு நிணநீர்க் குழாய்களில் வாழும். அதன் நுண்குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலா வரும். ஏன்? அதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு ராத்திரியில்தான் கடிக்கும்! அதனால்தான் ரத்தம் எடுக்க வரும் சுகாதார ஊழியர் ராத்திரி கதவைத் தட்டினார். "இந்த நேரத்துல வந்து தொல்லை பண்றாங்களே" என்று திட்டியவர்கள் பலர். பாவம், அவர் புழுவின் நேரத்துக்கு வேலை பார்த்தார்!

மனித ரத்தத்தில் நுண்புழு இருப்பதை 1872ல் கல்கத்தாவில் கண்டவர் லூயிஸ். 1877ல் சீனாவில் இருந்த பாட்ரிக் மேன்சன், அது கொசுவுக்குள் வளர்வதைக் கண்டார். நோயைப் பூச்சி சுமக்கிறது என்ற அறிவுக்கு அதுவே வாசல் திறந்தது. 1897ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டது அதன் தொடர்ச்சி.

நம் விழுப்புரம் மாவட்டத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பக்கம் உண்டு. புதுச்சேரியில் 1975ல் தொடங்கப்பட்ட நோய்ப்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர், 1990களில் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் மக்களுக்கு வருடா வருடம் மருந்து கொடுத்து, கொசுவில் புழு குறைகிறதா என்று பார்த்தார்கள். குறைந்தது. 1996ல் கடலூர் மாவட்டத்தில் அரசு இதையே பெரிய அளவில் செய்தது. 2004ல் நாடு முழுவதுக்கும் வந்தது. மருந்தை விழுங்கிய ஒவ்வொருவரும் தன் ரத்தத்தில் கொசுவுக்குச் சாப்பாடு இல்லாமல் செய்தார் என்று வைத்துக் கொள்ளுங்கள்!

க்யூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும். டேங்கின் காற்றுக் குழாய் வாயில் ஒரு வலைத் துணி கட்டினால் எவ்வளவோ கொசு வெளியே வராமல் நிற்கும். செலவு பத்து இருபது ரூபாய். ஏற்கெனவே கால் வீங்கியவர்கள் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, சின்ன புண்ணையும் விடாமல் பார்த்துக் கொண்டால் அடிக்கடி வரும் நெறிகட்டுக் காய்ச்சல் குறையும்.

மருந்தே இல்லாமல் தோற்ற புழு

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரியை அண்ணாந்து பார்ப்பார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு கோட்டையின் பெயர் இன்னும் தூரம் போயிருக்கிறது. நான் போனால் என் கண் குளங்கள் மேல்தான் விழும். செட்டிக்குளம், சக்கரக்குளம், ஆனைக்குளம்... படி இறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் வழக்கம் நம் நாடெங்கும் இருந்தது. அப்படிப்பட்ட நீர்நிலைகளைப் பார்க்கும்போது எனக்கு நரம்புச் சிலந்தி ஞாபகம் வரும்.

அந்தப் புழு ஒரு வருடம் உடம்புக்குள் வளர்ந்து, இரண்டு மூன்று அடி நீளத்தில், காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் ஆள் படிக்கிணற்றில் காலை வைப்பார். உடனே புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். தண்ணீரில் உள்ள சைக்ளாப்ஸ் என்ற நுண் உயிர் அதைத் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு அடுத்த வருடம் கொப்புளம்!

இதற்குத் தடுப்பூசி கிடையாது. புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது. வெளியே வந்த புழுவைக் குச்சியில் மெல்ல மெல்லச் சுற்றி எடுப்பதுதான் காலம் காலமாக நடந்த வைத்தியம். அப்படியும் இந்தியா அதை ஒழித்தது. எப்படி? தண்ணீரைத் துணியில் வடிகட்டினார்கள். படிக்கிணறுகளை மாற்றினார்கள். கை பம்பு போட்டார்கள். கொப்புளம் உள்ளவர் நீரில் இறங்காமல் பார்த்துக் கொண்டார்கள். தமிழ்நாடு 1980களிலேயே விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா விடுபட்டதாகச் சான்று அளித்தது. 1986ல் உலகம் முழுக்க ஆண்டுக்கு 35 லட்சம் பேரை வாட்டிய நோய், 2024ல் வெறும் 15 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. வழியை அடைத்தார்கள், புழு தோற்றது. ஒரு வேட்டித் துணி செய்த வேலை!

சித்த வைத்தியன் என்ன சொல்கிறான்?

"நீங்க சித்த டாக்டர், இங்கிலீஷ் மருந்தைப் பத்தியே பேசறீங்களே" என்று நீங்கள் கேட்கலாம். வாய்விளங்கம், முருக்கன் விதை, குப்பைமேனி எல்லாம் எங்கள் நூல்களில் புழுவுக்குச் சொல்லப்பட்ட சரக்குகள்தான். நானும் ஆளையும் வயதையும் பார்த்துக் கொடுக்கிறேன். வேப்பம்பூ ரசம், சுண்டைக்காய் வற்றல், பாகற்காய் உணவில் இருப்பது நல்லது, பசியைத் தூண்டும். ஆனால் அதைச் சாப்பிட்டாலே கொக்கிப்புழு போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். முருக்கன் விதையை அளவு தெரியாமல் அரைத்துக் கொடுத்தால் வாந்தியும் பேதியும் பிள்ளையைச் சுருட்டிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆடுதின்னாப்பாளை இலையைப் பூச்சிக்கு அரைத்துக் கொடுப்பது நம் பக்கத்தில் வழக்கம். அந்தச் செடி வகையில் உள்ள ஒரு அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும் என்பது இன்று உறுதியாகத் தெரிந்த விஷயம். நானும் படித்த மூலிகைதான். இன்று அதைத் தருவதில்லை. நீங்களும் தராதீர்கள்.

அரசு ஆண்டுதோறும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 1 முதல் 19 வயது வரை புழு மாத்திரை கொடுக்கிறது. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதி மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை. பயப்படாமல் கொடுங்கள். காய்ச்சல் இருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் வேண்டவே வேண்டாம். ரத்தசோகை உள்ள பெண்கள் இரும்புச் சத்து மருந்தோடு மலப் பரிசோதனையும் செய்து கொள்ளுங்கள்.

இனி ஐந்து வாசலுக்கும் ஐந்து தாழ்ப்பாள். சாப்பிடும் முன்பும் கழிப்பிடம் போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காலில் செருப்பு போடுங்கள். காய்கறியை ஓடும் நீரில் கழுவுங்கள், இறைச்சியை நன்றாக வேக வையுங்கள். சாக்கடையைத் தேங்க விடாதீர்கள். இந்த ஐந்துக்கும் அடியில் ஒரே அஸ்திவாரம் கழிப்பிடம். வெளியே போகிற முட்டை மண்ணைத் தொடாமல் இருந்தால், மண் வழி வருவதில் முக்கால்வாசிக் கவலை தீர்ந்தது.

சரி, அந்தப் பெண்மணி என்ன ஆனார் என்கிறீர்களா? புழு மருந்தும் செந்தூரமும் சேர்த்துக் கொடுத்ததில் தேறினார். கழனிக்குப் போகும்வரை செருப்பு போடுவேன் என்றார். சேற்றில் இறங்கும்போது கழற்றத்தான் வேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். நாற்று நடுகிறவளிடம் போய் செருப்பு போடு என்று சொல்வது சுலபம். அந்தச் சேற்றில் மலம் சேராமல் பார்த்துக் கொள்வது ஊரின் வேலை.

சில வருடம் முன்பு அவர் ஊருக்குப் போயிருந்தேன். வீட்டு ஓரத்தில் அரசு மானியத்தில் கட்டிய கழிப்பிடம் இருந்தது. எனக்குச் சந்தோஷம். கதவைத் திறந்து காட்டினார். உள்ளே மல்லாட்டை மூட்டைகள்!

"மழையில நனையாம வெக்க வேற எடம் இல்ல ஐயா" என்றார் தலையைக் குனிந்து கொண்டு.

நான் திட்டவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மகளைப் பார்த்தேன். அந்த மாதம்தான் முழுகாமல் இருப்பது தெரிந்திருந்தது. முகத்தில் அம்மாவின் பழைய வெளுப்பு. "மூட்டையை நான் சொல்ற எடத்துல அடுக்கலாம். இவளை நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். மாட்டுக் கொட்டகையில் ஒரு பரண் கட்டச் சொல்லி, மூங்கிலுக்கும் ஆள் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டுக் கழிப்பிடத்தில் மூட்டை இருக்கிறதா, ஆள் போகிறார்களா? இன்றைக்கே ஒரு தடவை கதவைத் திறந்து பாருங்கள். பூச்சி மருந்தை அப்புறம் கேட்கலாம்.